டவர் விஷயமாக ஸ்ரீகரனுக்கு

தண்ணீர்மலையான் துணை

ஆயர் ஈத்தாம்,
ஞாயிறு காலை.

கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் வசிக்கும் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியரும், என் மனைவி யோகலட்சுமியின் ஒரே தம்பியுமான ஸ்ரீகரன் அவர்களுக்கு, துறைமுக அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற உன் அத்தான் கனகசுந்தரம் எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் நீயும் குமுதாவும் நலமாயிருக்க அந்த மலைமேல் இருப்பவனை வேண்டுகிறேன். 'யாவரும் நலம்' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. நலமில்லை. ஐந்து வாரத்துக்கு முன் உன் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் வலது காலும் பேச்சும் போய்விட்டன. உயிருக்கு ஆபத்தில்லை, வீட்டில்தான் இருக்கிறாள், ஆகவே நீ பதறியடித்துக்கொண்டு வரத் தேவையில்லை. நான் எழுதுவதும் அதற்காக அல்ல. டவர் விஷயத்தில் நீ என்மேல் சுமத்திய பழிக்கு மூன்று ஆண்டுகளாகப் பதில் சொல்லாமல் இருக்கிறேன், அதைச் சொல்லி முடிப்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தொலைபேசிக் கம்பெனி எங்கள் பிளாட் மொட்டை மாடியில் டவர் வைத்த மாதத்தில் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. எங்களுடையதோ பதினான்காம் மாடி, டவருக்கும் என் தலைக்கும் நடுவில் ஒரு கூரைதான். அதே மாதத்தில் பால்கனியில் யோகம் வளர்த்த மிளகாய்ச் செடி கருகியது, பக்கத்து வீட்டு மஹ்பூபாவின் பூனை சாப்பாட்டை நிறுத்தியது. ஆக மூன்று ஆதாரங்கள். இரண்டு இருந்தாலே கோர்ட்டில் ஏற்பார்கள். நான் ஆபீஸ் முறைப்படி, பத்திக்கு எண் போட்டு, மூன்று பிரதியில் மனு எழுதி, மாடி மாடியாக ஏறி இறங்கி நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து வாங்கினேன். அந்தத் தீபாவளிக்குச் சாப்பிட வந்த நீ, மனுவின் ஆறாவது பத்தியை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, என் வீட்டு வாழை இலையில் என் வீட்டுச் சாம்பாரைத் தொட்டு அலை அலையாகக் கோடு போட்டு, "அத்தான், பல்பு வெளிச்சத்துக்குப் பயப்படாத நீங்க இதுக்கு ஏன் பயப்படுறீங்க? எதையும் பரிசோதிச்சுப் பாக்காம நம்பாதீங்க" என்றாய். பத்துப் பேர் முன்னால். நானும் சும்மா இருந்திருக்கலாம். "நீ நாப்பது வருஷம் படிச்சுக் குடுத்து எத்தனை பேரடா விஞ்ஞானி ஆனான்?" என்று கேட்டுவிட்டேன். நீ பாயசம் வரும்முன் எழுந்தாய். எழுந்தது போகட்டும். இலையின் மேல்பாதியை உன் பக்கம் மடிக்காமல், கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கம் மடித்துவிட்டுப் போனாய். இலையை எப்படி மடித்தால் என்ன, அதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று நீ சொல்வாய். யோகம் அந்த இலையை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "சாவு வீட்டு மடிப்பு மடிச்சிட்டுப் போறான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் உன்னைப் பற்றி என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மனு ஜெயித்தது. கம்பெனிக்காரர்கள் எட்டு மாதத்தில் டவரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். குடியிருப்போர் கமிட்டியில் எனக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள், அந்தப் படத்தை அனுப்பக்கூட அங்கே லைன் கிடைக்கவில்லை. அதன்பிறகு என் ஆதாரங்கள் ஒவ்வொன்றாகக் காலை வாரின. டவர் போயும் தலைவலி போகவில்லை. லிட்டில் இந்தியாவில் கண்ணாடிக் கடைக்காரன் பார்த்துவிட்டு, பவர் மாறி நான்கு வருடம் இருக்கும் அங்கிள் என்றான். புதுக் கண்ணாடி போட்டேன், தலைவலி நின்றது. மிளகாய்ச் செடிக்குச் சத்து என்று சொல்லி யோகம் தினமும் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சித் தண்ணீர் ஊற்றியதை நானே கண்ணால் பார்த்தேன். பூனை இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் மூன்று வேளையும் மீன் தின்றுகொண்டிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நூற்றுப் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டபிறகு பூனை விஷயத்தை எப்படிச் சொல்வது? கம்பெனிமேல் கோபத்தில் வீட்டு போனையும் வெட்டியிருந்தேன். யாருக்காவது பேச வேண்டுமென்றால் கீழே போய், கோப்பிக் கடைக்குப் பக்கத்தில் சாக்கடை மூடிமேல் நின்றுதான் பேச வேண்டும். ஒன்பதாம் மாடியில் இருக்கும் அப்துல் ரசாக் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர், வீட்டில் இருந்தால் ஆர்டர் வராது என்று நாள் முழுக்கக் கீழேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னைப் பார்த்து, "அங்கிள், உங்க தலைவலி இப்ப எங்க எல்லாருக்கும் வந்துருச்சுலா" என்றார். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. யோகம் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஏதோ விழுந்த சத்தம் கேட்டுப் போனேன், அவள் விழுந்து கிடந்தாள், வாய் ஒரு பக்கம் போயிருந்தது. போனை அழுத்தினேன், லைன் இல்லை. பால்கனிக்கு ஓடினேன், இல்லை. மஹ்பூபா ஊரில் இல்லை. லிப்ட் வழக்கம்போல ரிப்பேர். படியில் இறங்கி ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தட்டினேன். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் போனைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள், ஒருவர் போனிலும் லைன் இல்லை. எல்லாம் என் மனுவில் கையெழுத்துப் போட்ட கதவுகள், ஸ்ரீகரன். ஒன்பதாம் மாடியில் அப்துல் ரசாக் ஒன்றும் கேட்காமல் என்னைத் தாண்டிக் கீழே ஓடினார். ஆம்புலன்ஸ் வந்து அவளைப் படிவழியாகத் தூக்கி இறக்குவதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. டாக்டர் ஹாரிஸ், இந்த நோய்க்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு, ஆனால் நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்றார். முதல் பாதியை நம்பினேன். இரண்டாம் பாதியை இன்றுவரை நம்ப முடியவில்லை.

மகள் ராகினி ஜொகூரிலிருந்து வந்து இரண்டு வாரம் இருந்தாள். மாமாவுக்குச் சொல்லணும் அப்பா என்று தினமும் நச்சரித்தாள். நான்தான் தடுத்தேன். உனக்குச் சொன்னால் எப்படி நேர்ந்தது என்று கேட்பாய், போன் ஏன் இல்லை என்று கேட்பாய். எனக்கு வெட்கமாக இருந்தது.

இனி என்மீதான கடைசி அநியாயம். உன் அக்காவுக்குப் பேச்சு போய்விட்டது என்று எழுதினேன் அல்லவா, ஒரே ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. அது உன் பெயர். தேத்தண்ணி வேண்டுமென்றால் ஸ்ரீகரா. மாத்திரை கசந்தால் ஸ்ரீகரா. ஜன்னலைச் சாத்து, மின்விசிறியைக் குறை, பூனை உள்ளே வந்துவிட்டது, எல்லாம் ஸ்ரீகரா. நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், நானும் என்ன என்று கேட்டுக்கொண்டு போகிறேன். வாரம் இருமுறை கை கால் பயிற்சி கொடுக்க வரும் நூர் ஃபாத்திஹா என் பெயரே அதுதான் என்று நினைத்து நோட்டில் எழுதிவிட்டாள். மிஸ்டர் ஸ்ரீகரா, மனைவியின் காலைப் பிடியுங்கள் என்கிறாள், நான் பிடிக்கிறேன். போன வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல், அது நான் இல்லை, அவளுடைய தம்பி என்றேன். அப்படியா, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். தூரம் என்று சொன்னேன். ஃபெரி ஏறினால் கால் மணி நேரம். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து எப்படித்தான் சொன்னேனோ தெரியவில்லை.

டாக்டர் ஹாரிஸிடம் கேட்டேன். மூளையில் அடிபட்டால் சிலருக்கு ஏதாவது ஒரு சொல் அப்படித் தங்கிவிடும், அதற்குப் பொருள் இருக்கவேண்டிய கட்டாயமில்லை, அவர் தம்பியை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. டவர் விஷயத்தில் தோற்றவன்தான், இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் விடுவதாயில்லை. நீ டாக்டர் பக்கம்தான் நிற்பாய். எப்போதும் படித்தவன் பக்கம்தான் நிற்பாய்.

டவரைத் திரும்ப வைக்கச் சொல்லிப் போன வாரம் மறு மனு எழுதி முடித்தேன். மூன்று பிரதி. போன முறை போட்ட நூற்றுப் பதினெட்டுப் பேரில் எழுபது பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். போன மனுவில் யோகம் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள், நான் நீட்டினேன் என்பதற்காக. இந்த மனுவில் இடது கைப் பெருவிரல் வைத்திருக்கிறாள்.

ஆகவே டவர் விஷயத்தில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். படித்ததும் கிழித்துவிடலாம். முன்பே எழுதியதுபோல், நீ வரத் தேவையில்லை. குமுதாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். எல்லாரும் நோய் நொடியின்றி நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
கனகசுந்தரம்

பி.கு.: வரத் தேவையில்லை என்று மேலே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். அடித்தால் கடிதம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன். அதைப் படிக்காதே. டவர் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி, இலையில் நீ போட்ட கோடும் சரி. வாடா ஸ்ரீகரா. டாக்டர் சொல்வது சரியா நான் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. எதையும் பரிசோதித்துப் பார்க்காமல் நம்பாதே என்று நீதானே சொன்னாய். நீ வந்து வாசலில் நில். உன்னைப் பார்த்து அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிடுவோம். அவளுடைய நாற்காலியைக் கதவைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். பாயசம் வரும்வரை உட்கார், இலையை உன் பக்கம் மடி. போன் பண்ணிவிட்டு வரலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. இங்கே லைன் கிடைக்காது.