டீச்சர் எடுத்து வைத்த நாவல்

“உனக்குன்னே ஒரு நாவல் எடுத்து வச்சிருக்கேன் கிங்ஸ்லி, அடுத்த வாரம் தாரேன்னு சொன்னாக சார் டீச்சர். அந்த அடுத்த வாரம் வராமலே போச்சு” என்றார் கிங்ஸ்லி.

ஏசுதாசன் பீரோவைப் பார்த்தார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை புத்தகங்கள். அத்தனையும் ஒரே வெள்ளை.

அவருடைய மனைவி இவாஞ்சலின் டீச்சர் எந்தப் புத்தகம் வாங்கினாலும், முதல் வேலையாகப் பழைய மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி அட்டை போட்டுவிடுவார். மேலே பெயர் எழுத மாட்டார். தலைப்பைப் பார்த்து நாவல் எடுக்கிறவர்கள் போட்டோவைப் பார்த்துப் பெண் எடுக்கிறவர்கள் மாதிரி என்பது அவருடைய கட்சி. ஞாயிறு மாலைகளில் கிங்ஸ்லியின் பெயிண்ட் கடை மாடியில் கூடும் வாசகர் வட்டத்துக்குப் பையில் நாலைந்து வெள்ளைப் புத்தகங்களோடு போவார். ஆளுக்கொன்றாகக் கையில் வைத்து, “இது உனக்குன்னே எழுதினது மாதிரி இருக்கும்” என்பார். வாங்கிப்போனவர்கள் மறுவாரம் வந்து, “எங்க மனசு உங்களுக்கு எப்படி டீச்சர் தெரிஞ்சுச்சு?” என்று கேட்பார்கள். டீச்சர் சிரித்துக்கொள்வார். யாருக்கு எந்தப் புத்தகம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்று தேனி அல்லிநகரம் முழுக்கப் பேச்சு.

ஆடியில் ஒரு காய்ச்சலில் அவர் போய்விட்டார். இப்போது ஐப்பசி மழை.

ஏசுதாசன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாவல் என்று ஒன்றைத் தொட்டதில்லை. மனைவி படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்ப்பார். டீச்சர் திடீரென்று சிரித்தால், இவர் “என்ன?” என்பார். “ஒண்ணுமில்ல” என்பார் டீச்சர். அதோடு சரி. அந்த ஒன்றுமில்லைகளை எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

‘எந்தப் புத்தகம்னு எனக்குத் தெரியாதுப்பா’ என்று சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளின் மனசில் இருந்தது தனக்குத் தெரியாது என்று ஒரு பெயிண்ட் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

“அதுவா, இந்தா இருக்கு” என்று கைக்கு வந்த ஒன்றை உருவிக் கொடுத்தார்.

கிங்ஸ்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “புது வருச ராத்திரி சர்ச்சுல ஆளுக்கொரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுப்போமே சார், அது கையில கெடைச்ச மாதிரி இருக்கு” என்றார்.

அப்போதே ஏசுதாசன் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுவாரம் கிங்ஸ்லி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

“சார், எங்க வீட்டு விவகாரத்த டீச்சர்ட்ட யாராச்சும் சொன்னாகளா?”

“என்ன விவகாரம்?”

“தம்பி விஜய்ராஜ் கடையில பாதி கேக்குறான் சார். வெளிய யாருக்கும் தெரியாது. இந்த நாவல்ல பாத்தா, அண்ணன்காரன் எல்லாத்தையும் தம்பி பேருக்கு எழுதி வச்சிட்டு, ஒத்தத் துண்டோட மலையேறிப் போயிருறான். படிச்சு முடிச்சு ராத்திரி முழுக்கத் தூங்கல. டீச்சர் போறதுக்கு முந்தி எனக்குன்னு சொல்லிட்டுப் போன சொல்லு சார் இது.”

“அது கதைதானப்பா.”

“டீச்சர் சும்மா ஒரு கதைய எடுத்து வைப்பாகளா? நீகளே சொல்லுங்க.”

ஏசுதாசன் திறந்துகிடந்த பீரோவைச் சாத்தினார்.

“பத்திரம் எழுதுறவர வரச் சொல்லிட்டேன்” என்று எழுந்தார் கிங்ஸ்லி. “முழுக்கடையும் அவனுக்கே. மலைக்கு மட்டும் போகல சார். எனக்குக் குளிரு ஆகாது.”

அவர் போன கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி ஏஞ்சல் வந்தாள். செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று வாசலிலும் ஒன்று முருங்கை மரத்தடியிலும் கிடந்தது.

“டீச்சரக்கா இப்படி என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டுப் போவாகன்னு நான் நெனைக்கவே இல்லண்ணே. ரெண்டு பிள்ளைகள வச்சிக்கிட்டு நான் யாரு வாசல்ல போயி நிக்க? அவுகளுக்கு நான் என்ன குத்தம் செஞ்சேன்?”

தன்னைத் திட்டியிருந்தால் ஏசுதாசன் தாங்கிக்கொண்டிருப்பார். இறந்துபோனவளைத் திட்டுகிறார்கள். அவள் செய்யாத காரியத்துக்கு.

“ஏஞ்சல், அந்தப் புத்தகத்தத் தனியாப் படிக்கக் கூடாது” என்றார். அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. “உனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கா. ரெண்டையும் சேத்துப் படிச்சாத்தான் அர்த்தம் வெளங்கும்.”

ஏஞ்சல் அழுகையை நிறுத்தினாள். “எனக்குமாண்ணே?”

இந்த முறை கைக்கு வந்ததை எடுக்கவில்லை. பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, நாலைந்து புத்தகங்களின் முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றில் கொலை. ஒன்றில் வெள்ளம். ஒன்றில் கல்யாண வீடு; வாழையிலை, பந்தி, மாப்பிள்ளைக்கு மல்லிகை மாலை. குடும்பப் பாங்கான புத்தகம் என்று அதைக் கொடுத்தார். நல்ல கனம் வேறு. படித்து முடிப்பதற்குள் கோபம் தணிந்துவிடும்.

சில நாள் கழித்து ஏஞ்சல் போனில் கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது.

“நல்ல புத்தகம்ணே.”

“கல்யாணமெல்லாம் வருதுல்ல?”

“அது மொத அத்தியாயத்தோட முடிஞ்சிருது. மூணாவதுல அந்தப் பொண்ணு பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிருது. அதுக்குப் பெறகு கடைசி வரைக்கும் சந்தோசமா இருக்கு.”

“நீ இப்ப எங்கம்மா இருக்க?”

“போடியில. எங்கம்மா வீட்டுல.”

ஏசுதாசன் குடையை எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்கு ஓடினார். கிங்ஸ்லி சாயம் கலக்கும் இயந்திரத்தின் பக்கத்தில், என்ன நிறத்தைக் கலக்குகிறோம் என்ற நினைவே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

“கிங்ஸ்லி, ஒரு தப்பு நடந்துபோச்சு. உனக்குக் குடுத்தது உனக்கு வச்சதில்ல. அது வியாகுலமேரிக்கு வச்சது.”

வியாகுலமேரி அனுமந்தன்பட்டிக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, வாசகர் வட்டத்தில் எப்போதும் முதல் நாற்காலி. அந்த நேரத்தில் வாயில் வந்த பெயர் அவருடையது, அவ்வளவுதான்.

கிங்ஸ்லி எழுந்து நின்றார். “அப்ப நான் கடைய எழுதிக் குடுக்க வேணாமா?”

“வேணாம்.”

“பத்திரக்காரர நிறுத்திருறேன். ஒடனே மேரி டீச்சருக்குப் புத்தகத்த அனுப்பிருறேன். பாவம், அவுக சேதி எங்கிட்ட மாட்டிக்கிருச்சே.” மூச்சு விட்டுக்கொண்டு, “சரி, அப்ப எனக்கு வச்சது எது சார்?” என்றார்.

“தேடிக்கிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஏசுதாசன் வெளியே வந்தார். மழை நின்றிருந்தது. குடையைக் கடையிலேயே விட்டுவிட்டோம் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பிப் போகத் தைரியமில்லை.

வியாகுலமேரி வரவில்லை. அவருடைய அண்ணன் மரியராஜ் வந்தார். பைக்கின் பின்னால் ஒரு கூடைத் திராட்சையைக் கட்டிக்கொண்டு வந்து, அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

“அண்ணன்னா எல்லாத்தையும் குடுத்துட்டுப் போகணுமாம்ல சார். புத்தகத்துல போட்டிருக்காம். திராட்சத் தோட்டத்தையும் கெணத்தையும் கேட்டு எந்தங்கச்சி வாசல்ல உக்காந்திருக்கு. கேட்டா, ‘நான் கேக்கல, டீச்சர் சொல்லிட்டுப் போயிருக்காக’ங்குது.”

“அது சும்மா கதைங்க.”

“அதான் நானும் சொன்னேன். கேக்க மாட்டேங்குது.” மரியராஜ் குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் டீச்சரம்மா எதுவும் எடுத்து வச்சிருக்காகளா சார்? தங்கச்சிமாரு அடங்கி ஒடுங்கி இருக்கிற மாதிரி.”

“நீங்க வாசகர் வட்டத்துலயே இல்லயே.”

“இன்னைக்குச் சேந்துக்கிறேன்.”

அவரைத் திராட்சையோடு அனுப்பிவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்று ஏசுதாசன் ஒரு முடிவுக்கு வந்தார். படிக்காமல் கொடுப்பதால்தான் இத்தனை குழப்பமும். இவாஞ்சலின் எல்லாவற்றையும் படித்திருந்தாள். படித்து, ஆளைப் பார்த்து, அளவெடுத்துக் கொடுத்தாள். அதையே தானும் செய்ய வேண்டியதுதான்.

அவளுடைய நாற்காலியில், அவளுடைய மூக்குக்கண்ணாடி இருந்த மேசைக்கருகில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிவதற்குள் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு நாவலில் நாயகன் என்று நம்பிப் பின்தொடர்ந்த ஆள் வெறும் பால்காரர். இன்னொன்றில் மூன்று தலைமுறைக்கும் ஒரே பெயர். எரிச்சலோடு மூடி வைப்பார். சாப்பிட்டுவிட்டு, அந்தப் பால்காரர் என்ன ஆனார் என்று பார்க்க மறுபடி திறப்பார்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அவள் தாய்வீடு போகிறாள். அவன் பஸ் ஏறிப் போய், நடுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வருகிறான். கிங்ஸ்லிக்கும் ஏஞ்சலுக்கும் தைத்து வைத்த சட்டை மாதிரி இருந்தது. ஏசுதாசன் ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு, ‘என்ன?’ என்று கேட்க யாருமில்லாததால் சுற்றுமுற்றும் பார்த்தார்.

முக்கால்வாசி தாண்டியதும், கதையில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொல்கிறார். ஏசுதாசனிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் புத்தகத்தை மூடினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கதைதானே, சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டு போய்க் கிங்ஸ்லியிடம் கொடுத்தார்.

“இதுதான். நானே பாத்தேன். உங்க ரெண்டு பேருக்கும் சேத்து வச்சது.”

கிங்ஸ்லி அன்றைக்கே போடிக்குப் பஸ் ஏறினார். நடுக்கூடத்தில் மன்னிப்புக் கேட்டார். ஏஞ்சல் அழுதாள். இருவரும் அந்த நாவலைக் கடைசிவரை ஒருவருக்கொருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டினார்கள். மறுநாள் தேனிக்குத் திரும்பினார்கள். வீட்டுக்கு அல்ல, நேராக ஆஸ்பத்திரிக்கு.

ஏசுதாசன் போய்ப் பார்த்தபோது ஏஞ்சல் கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள்.

“ரத்தத்துல ஒண்ணுமில்லைங்குறாக. ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லைங்குறாக” என்றார் கிங்ஸ்லி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு. “ஆனா கடைசி அத்தியாயத்துல போயிருதே சார் அந்தப் பொண்ணு.”

“டீச்சரக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் ஏஞ்சல், கண்ணைத் திறக்காமல். “என் பிள்ளைகளப் பாத்துக்கங்கண்ணே.”

இறந்துபோன டீச்சர் யார் யாருக்கு என்ன நடக்கும் என்று நாவலில் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்ற சேதி, பஜாரைச் சுற்றிவர அதிக நேரம் பிடிக்கவில்லை. ஞாயிறு மாலை பெயிண்ட் கடை மாடியில் நாற்காலி பற்றவில்லை. வியாகுலமேரி தோட்டத்துப் பத்திரங்களைப் பையில் வைத்திருந்தார். மரியராஜ் மறுபடி திராட்சையோடு வந்திருந்தார். வாழ்நாளில் நாவல் படிக்காதவர்கள்கூடத் தங்களுக்கு என்ன எடுத்து வைத்திருக்கிறது என்று கேட்க வந்திருந்தார்கள். வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்ணை ஊர் குறிகாரியாக ஆக்கிவிட்டது. ஆக்கியவர் ஏசுதாசன்.

அவர் மாடிக்கு ஏறாமல் கீழே பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய எதிர்வீட்டுச் சுருளியம்மாள் அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசகர் வட்டம் தொடங்கிய நாளிலிருந்து டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவர்.

“என்ன சார், இங்கன உக்காந்துட்டீக? மேல எல்லாரும் உங்களுக்காகக் காத்திருப்பாக.”

ஏசுதாசனுக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கைக்கு வந்ததைக் கொடுத்தது, முதல் பக்கம் பார்த்துக் கொடுத்தது, வாயில் வந்த பெயரைச் சொன்னது, முக்கால்வாசி படித்துக் கொடுத்தது.

“அவ ஒருத்தருக்குக்கூடத் தப்பா எடுத்துக் குடுத்ததில்லம்மா. படிச்சு, ஆளப் பாத்து, அவ்வளவு பொருத்தமா எடுத்துக் குடுத்தா. கூடவே இருந்திருக்கேன். அவ மனசுல யாருக்கு எது இருந்துச்சுன்னு எனக்கு ஒண்ணுகூடத் தெரியலயே.”

சுருளியம்மாள் மடக்கிய குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, விளங்காமல் பார்த்தார்.

“படிச்சா குடுத்தாக? புடிச்ச புத்தகத்த அவுக வீட்ட விட்டு வெளிய விட்டதே இல்ல சார். படிக்காததத்தான் ‘உனக்குன்னே வச்சிருக்கேன்’னு சொல்லி ஆளுக்கொண்ணா தள்ளிவிட்டு, நாங்க நல்லாருக்குன்னு வந்து சொன்ன பெறகுதான் அவுகளே எடுத்துப் படிப்பாக.”