மேனேஜர் திட்டுவதைத் தெளிவாகக் கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கர்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் ஆசியுடன் எழுதிக்கொள்வது. நீயும், உன் வீட்டுக்காரியும், உன் கூடத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த ஸ்பீக்கர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், உன் அக்கா என்னைவிட நலம். நீ புதுசு வாங்கியதும் பழசை எங்கள் தலையில் கட்டினாயே, அந்த ஊஃபர் பெட்டியும் நலமே. ஆனால் அது இப்போது மேசையில் இல்லை. பால்கனிக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீ போனில் கேட்கும்போதெல்லாம் "கும்முனு இருக்கு மச்சான்" என்று நான் சொன்னது பொய்யில்லை. கும்மென்று மட்டும்தான் இருந்தது. மீதியை வாயால் சொன்னால் உன் மனம் நோகும் என்று எழுத்தில் நோகடிக்கிறேன்.

எங்கள் குழாய்க் கம்பெனி இந்த ஊர்க் கிளையை மூடிவிட்டு எங்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது உனக்குத் தெரியும். ஒழுகுகிறது என்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் குழாய்களுக்குக் கணக்கு வைப்பது என் வேலை. துணி இஸ்திரி போடும் அறையை உன் அக்கா எனக்கு அலுவலகமாகத் தந்தாள், இஸ்திரி மேசையைக் காலி செய்யாமல். ஆகவே மீட்டிங்கில் என் தலைக்குப் பின்னால் எப்போதும் என் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். பார்ப்பவர்களுக்கு நாலைந்து பேர் கைகட்டி நிற்பது போலத் தோன்றும். அதில் எனக்கு ஒரு கௌரவம். கௌரவம் கண்ணோடு சரி, காதுக்கு இல்லை. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில் மேனேஜரின் குரல் தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட கொசு மாதிரி கேட்டது. ஹெட்போன் போடலாமே என்பாய். போட்டேன். ஒரு நாள் மீட்டிங் நடுவில் உன் அக்கா பால்கனியில் துணி காயப்போடப் போனபோது கதவு காற்றில் சாத்திக்கொண்டு தாழும் விழுந்துவிட்டது. அவள் கதவுக் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். ஏதோ பாராட்டுகிறாள் என்று நினைத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி கணக்கில் மூழ்கினேன். மீட்டிங் முடிகிறவரை வெயிலில் நின்றவள் உள்ளே வந்ததும் சொன்ன வார்த்தைகளைத் தம்பியாகிய உனக்கு எழுதுவது நாகரிகமில்லை. அன்றோடு ஹெட்போன் பீரோவுக்குள் போனது, சாவி அவள் இடுப்புக்குப் போனது.

அப்போதுதான் உன் பெட்டி வந்தது. "பேஸ் இல்லாத ஸ்பீக்கரெல்லாம் ஸ்பீக்கரா அத்தான்?" என்று நீயே வந்து மாட்டிவிட்டுப் போனாய். அந்தத் திங்கட்கிழமை மேனேஜர் கொசுவிலிருந்து நேராக இடியாக மாறினார். நடுவில் மனிதராக ஒரு கணமும் நிற்கவில்லை. குழாய் என்றாலும் கும், கணக்கு என்றாலும் கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஊர்வலம் போயின. அவர் பேச்சை நிறுத்துவது மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. நம் மேனேஜருக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு, மச்சான். திட்டிக்கொண்டே வருவார், திடீரென்று மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்தில் எங்கள் எல்லோருடைய வேலையும் போய்ப் போய் வரும். மௌனம் கலைந்ததும் நான் வழக்கம்போல "சார், சரியா கேக்கலைங்க" என்றேன். அவர் என்னமோ கும்மினார். நான் மறுபடி, "சார், கடைசியா சொன்னது கேக்கலைங்க" என்றேன். சாயங்காலம் எழுத்திலேயே அனுப்பிவிட்டார்: இன்னொரு தடவை கேட்கவில்லை என்று சொன்னால் வீட்டு வேலை ரத்து, திங்கள் முதல் சனி வரை தலைமை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும்.

தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அதன் பெயர்ப் பலகை தெரியும். உன் அக்காவிடம் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று பார்த்தால் முகம் மலர்ந்துவிட்டது.

"அதுக்கென்னங்க, என் தம்பி வீடு பக்கத்துலயேதான இருக்கு. வாரம் முழுக்க அங்க தங்கிட்டு சனிக்கிழமை வாங்க. இஸ்திரி ரூமும் காலியாகும்."

"என் குறட்டைய உன் தம்பி வீட்டுல தாங்க மாட்டாங்க."

"நான் இத்தனை வருஷமா தாங்கலையா? அவன்தான் சத்தம் அதிகமா இருந்தா ரசிக்கிறவனாச்சே."

போன தடவை நாங்கள் வந்திருந்தபோது உன் வீட்டுக்காரி காலையில் சிவந்த கண்ணோடு காபி கொடுத்தது எனக்கு மறக்கவில்லை. ஆகவே, மச்சான், நான் ஸ்பீக்கர் வாங்கப் போனது எனக்காக மட்டும் என்று நினைக்காதே. உன் தூக்கமும் அதில் அடங்கியிருந்தது.

சனிக்கிழமை இரண்டு பேருமாகக் கடைத்தெருவுக்குப் போனோம். முதல் கடையில் நுழைந்ததுமே கடைக்காரர், தலைமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியோடு, ஒரு ஸ்பீக்கரைப் போட்டார். மேளம். அடுத்ததைப் போட்டார். அதே மேளம், கூடவே சிவப்பும் நீலமுமாக விளக்கு. "இதுல பாட்டு கேட்டீங்கன்னா ஆளையே தூக்கிரும் சார்" என்றார். பாட்டு கேட்க இல்லை, மேனேஜரைக் கேட்க என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஸ்பீக்கர் விற்க ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு தேவையோடு யாரும் வந்ததில்லையாம். அப்போது உன் அக்கா சொன்னாள், "ஏங்க, எதைக் கேக்க வாங்குறோமோ அதைப் போட்டுப் பாக்குறதுதான முறை. அந்த மீட்டிங்கெல்லாம் உங்க போன்ல இருக்குமே."

இருந்தது. வராதவர்கள் கேட்டுக்கொள்வதற்காக எங்கள் கம்பெனி எல்லா மீட்டிங்கையும் பதிவு செய்து அனுப்பிவிடும். வந்தவர்களுக்கும் அனுப்பும், வாங்கியதை மறந்துவிடக்கூடாது என்பதற்காக. போன மாதத்தில் என்னைத் தனியாகப் பிடித்துத் திட்டியதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரர் அதை முதல் ஸ்பீக்கரில் போட்டார். கடை முழுக்க மேனேஜர் என்னைத் திட்ட ஆரம்பித்தார். சார்ஜர் வாங்க வந்த டாக்ஸி டிரைவர் ஒருவர் சார்ஜரைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தார். பிரின்டருக்கு மை வாங்க வந்த டீச்சர் ஒருவர், போகிறவர், போகாமல் நின்றார்.

"இது வேணாம் சார், கரகரங்குது" என்றார் டிரைவர். "என்னத்துக்குத் திட்டுறாருன்னே புரியல."

அடுத்ததில் போட்டார்கள்.

"இதுல திட்டு கொஞ்சம் மரியாதையா இருக்கு" என்றார் டீச்சர். "ஆனா முடிவு சரியா விழல. திட்டுன்னா கடைசி வார்த்தை காதுல விழணும்."

கடைக்காரருக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. "சார், இதைவிட நீளமா எதுவும் இருக்கா?"

"வருஷக் கணக்கு முடிக்கிறப்ப வாங்குனது இருக்கு" என்றாள் உன் அக்கா, நான் வாயைத் திறக்கும் முன். "அதைப் போடுங்க. அதுல எல்லா சுருதியும் வரும்."

மச்சான், பத்துப் பேர் முன்னால் என் மானம் போனது ஒருபுறம். ஒரே திட்டை ஒன்றன்பின் ஒன்றாக ஸ்பீக்கர் மாற்றிக் கேட்டதில் எனக்கே அதில் ஒரு ரசனை வந்துவிட்டது மறுபுறம். விலை கூடக்கூடத் திட்டு பெரிதாயிற்றே ஒழிய தெளியவில்லை. கடைசியில் உன் அக்கா கீழ்த்தட்டில் தூசி மூடிக் கிடந்த ஒரு ஜோடியைக் காட்டினாள். கையளவு கறுப்புப் பெட்டிகள், விளக்கு இல்லை, ஊஃபர் இல்லை, லேப்டாப்பில் செருக ஒரே வயர். "அது சும்மா பேச்சு கேக்கத்தான்மா ஆகும்" என்று கடைக்காரர் முகம் சுளித்தார். அதைத்தான் இவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

போட்டார்கள். மேனேஜர் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. திட்டிக்கொண்டே வந்தவர் வழக்கமான அந்த மௌனத்துக்குப் போனார். ஆனால் அது மௌனம் இல்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறார். பொத்திய கைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், தேய்ந்துபோய், ஆனால் ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"மெஷின் நின்னு எவ்ளோ நேரமாச்சு. துணியைக் காயப்போட்டுட்டு வந்து அப்புறம் அவங்களைத் திட்டுங்க."

அதற்கு நம் மேனேஜர், நான் கனவிலும் கேட்டிராத குரலில், "இதோ வந்துட்டேம்மா, இன்னும் ஒருத்தர்தான் பாக்கி" என்றார்.

அந்த ஒருத்தர் நான்.

டிரைவர் என் தோளில் கை வைத்து, "சார், உங்காளும் நம்மாளுதான்" என்றார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். உன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணில் பக்தி தெரிந்தது. "அதை இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டார்கள். இன்னொரு தடவை என்றாள். விலை பேசும்போது கடைக்காரரே இறங்கி வந்தார். "மேனேஜர்கிட்ட இவ்ளோ வாங்குறவருக்கு நான் என்னத்த ஏத்திச் சொல்றது" என்றார். "வீட்டுலயும் வாங்குறார், அதுக்கும் சேத்துக் கொறைங்க" என்றாள் உன் அக்கா. குறைத்தார்.

திங்கட்கிழமை வந்தது. சட்டைகள் பின்னால் கைகட்டி நிற்க, உன் அக்கா கதவோரம் நாற்காலி போட்டு உட்கார, நான் மேனேஜரின் கேள்வி ஒவ்வொன்றுக்கும் டாண் டாணென்று பதில் சொன்னேன். கேட்கவில்லை என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. அவருக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும். பாதியில் ஒழுகிய குழாய் ஒன்றின் விஷயமாகக் குரலை உயர்த்தியவர், "நான் கொஞ்சம் யோசிக்கணும்" என்று கனமாகச் சொல்லி மௌனத்தில் இறங்கினார். திரையில் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு மட்டும் கேட்கிறது, "மழை வர்ற மாதிரி இருக்கு, மொதல்ல போய்த் துணியை எடுங்க." அவர், "நடுவுல எப்படிம்மா எந்திரிக்கிறது" என்று கெஞ்சுகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை மச்சான். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

"சார், நீங்க போய்த் துணியை எடுத்துட்டு வாங்க சார். நாங்க இருக்கோம்."

கதவோரம் நாற்காலி கிறீச்சிட்டது. உன் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் போய்த் தங்கவேண்டிய உன் வீட்டு மாடி அறையும் அதன் மின்விசிறியும் என் கண்முன் வந்து நின்றன. மேனேஜர், "மத்தவங்க போகலாம்" என்றார். எல்லோரும் எனக்கு இறுதி மரியாதை செய்கிற முகத்தோடு மறைந்தார்கள்.

"என்ன கேட்டுச்சு உங்களுக்கு?"

"எல்லாமே சார்."

"மத்தவங்களுக்கு?"

"அவங்க லேப்டாப்லயே கேக்குறவங்க சார். கொசுதான் கேக்கும்."

"கொசுவா?"

"ஒண்ணுமில்ல சார்."

"உங்களுக்கு மட்டும் எப்படி?"

"நீங்கதான சார் சரியா கேக்கணும்னு எழுதி அனுப்புனீங்க. புதுசா ஸ்பீக்கர் வாங்குனேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "தலைமை ஆபீஸ் விஷயம் நான் ஒரு வேகத்துல சொன்னது. நீங்க வீட்டுலயே இருங்க. அந்த ஸ்பீக்கர் பேரை மட்டும் வேற யாருக்கும் சொல்லிடாதீங்க." பின்னாலிருந்து, "யாருகூட இன்னும் பேச்சு, தூறல் விழுது" என்று கேட்டது. "போங்க சார்" என்றேன். போனார்.

இதனால் தெரிவிப்பது என்னவென்றால், என் வேலையும் உன் வீட்டுத் தூக்கமும் கீழ்த்தட்டில் கிடந்த இரண்டு கறுப்புப் பெட்டிகளால் பிழைத்தன. இனி உன்னிடம் யாராவது வீட்டு வேலைக்கு ஸ்பீக்கர் வாங்க யோசனை கேட்டால், அதிர்வதை எடுத்துக் காட்டாதே, பேசுவதை எடுத்துக் காட்டு. நீயும் உன் வீட்டுக்காரியும் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் இரவெல்லாம் இடையூறில்லாத உறக்கமும் பெற்று வாழ அத்தான் மனதார வாழ்த்துகிறேன். உன் அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் போடும் நேரத்தில் மேனேஜர் போன் செய்தார். சொந்தக்காரர் மாதிரிக் குழைந்து பேசினார். நான் வாங்கிய அதே ஜோடியை அவரும் தேடிப் பிடித்து வாங்கிவிட்டாராம். பழைய மீட்டிங்குகளை எல்லாம் போட்டுக் கேட்டாராம். நான் ஒவ்வொரு தடவையும் "சரிங்க சார்" என்று சொன்ன பிறகு வாய்க்குள் என்ன சொல்கிறேன் என்பது இப்போதுதான் அவருக்கு விளங்கியதாம். கோபமில்லை என்றார். "வீட்டுல நிம்மதியா திட்டவும் முடியல, திட்டு வாங்கவும் முடியல. திங்கள்லேருந்து நான் தலைமை ஆபீஸுக்கே வந்துடறேன். நீங்களும் வந்துடுங்க, பக்கத்து சீட்டுதான். வாய்க்குள்ள சொல்றதை நேர்லயே சொல்லலாம்" என்றார். நான் "சரிங்க சார்" என்றேன். அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. உன் அக்கா அதற்குள் என் பெட்டியைக் கட்டிவிட்டாள். இஸ்திரி அறையைக் கூட்டிப் பெருக்கியாயிற்று. புது ஸ்பீக்கரைத் தர மாட்டாளாம், மேனேஜரைத் துணி காயப்போடக் கூப்பிடும் அந்தப் பதிவை அவள் தினமும் கேட்க வேண்டுமாம். மாடி அறையை ஒழித்து வை. உன் ஊஃபரைத் திருப்பிக் கொடுக்கவேண்டியது நியாயம்தானே, நானே தூக்கிக்கொண்டு ஞாயிறு மாலை வந்து சேர்கிறேன்.