செத்த மரத்தை நான் கட்டிப்பிடித்தது ஏன்

வெர்மான்ட்,
ஜூன் 14

அன்புள்ள தங்கை கிளாடெட்டுக்கு,

அண்ணன் லூசியன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி தெல்மாவும் சௌக்கியம். நான் சௌக்கியம் என்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்துக்கொள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஃபுளோரிடா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வாடாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் நல்ல சேதி. பலகை கிடைத்துவிட்டது! ‘இது பறவைகள் வாழும் மேப்பிள் காடு’ என்று பறவைச் சங்கத்தார் கொடுத்த பலகையைப் போன வாரம் சாலையோரம் அடித்துவிட்டேன். “ஒரு குருவிகூடக் கத்தாத காட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அப்பா விட்டுட்டுப் போனதுல என் பாதியை மரக்கம்பெனிக்கு வித்துடறேன்” என்று போன கோடையில் சண்டை போட்டாயே, அடுத்த ஜூனுக்குள் குருவி வந்து பலகையும் வந்தால் விற்பதில்லை என்று வாக்குக் கொடுத்தாயே, இரண்டும் வந்துவிட்டன. இதை எழுதும்போதே நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கின மாதிரி இருக்கிறது.

ஆனால் அதற்குள் பட்ட பாடு இருக்கிறதே! சங்கத்திலிருந்து பெக்வித் என்று ஒரு பெண் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க சார், அதுதான் வியாதியே” என்றாள். மேப்பிள் மட்டும் போதாதாம். பிர்ச், பீச், ஹெம்லாக் எல்லாம் கலந்து நிற்க வேண்டுமாம், செத்த மரத்தை வெட்டக் கூடாதாம், விழுந்த கிளையை எடுக்கக் கூடாதாம், புதரைத் தொடவே கூடாதாம். நானோ முப்பது வருஷமாகப் பாகு வடிக்கிற மேப்பிள் மரத்தைத் தவிர ஒன்றையும் தலைதூக்க விடாமல், தரையை வீட்டுக் கூடம் போல வைத்திருந்தவன். கை அரித்தது. தெல்மா கோடாரியை ஒளித்து வைத்துவிட்டாள்.

நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாததா? விறகைக் கோணலாக அடுக்கினால் பெண் கொடுக்க யோசிக்கிற ஊர். மே மாதம் பனி கரைந்து அலங்கோலம் வெளியே தெரிந்ததும், பக்கத்துப் பண்ணை ராய்ஸ் வேலியோரம் நின்று, “என்ன லூசியன், உடம்புகிடம்பு சரியில்லையா? காடு இப்படிக் கிடக்குதே” என்றான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒரு கறுப்பு ஈ உள்ளே போய்விட்டது. இருமினேன். இருமினது மட்டும்தான் என் குற்றம். அந்த வியாழக்கிழமையே அவன் மனைவி டோரிஸ், பன்றிக்கொழுப்பும் நம் பாகும் போட்டு ஒரு நாள் பூராவும் வேகவைத்த பீன்ஸைக் கொண்டுவந்து, “எதுவும் பேசாதே, சாப்பிடு” என்றாள். நானும் பேசவில்லை, சாப்பிட்டேன். அப்புறம் மாதா கோயில் பெண்கள் முறை வைத்துக்கொண்டு மாவுக்குள் கோழிக்கறி அடைத்துச் சுட்ட ‘பை’, ஆப்பிள் அடைத்த ‘பை’ என்று பலகாரம் அனுப்ப ஆரம்பித்தார்கள். மறுத்தால் மனம் நோகுமே என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். தெல்மா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை பெக்வித் கடைசியாகப் பார்க்க வருகிறாள் என்றிருக்க, சனிக்கிழமை தெல்மாவின் பல்லுக்காக டவுனுக்குப் போய்த் திரும்பினால், ஊரே நம் காட்டுக்குள் நிற்கிறது! படுக்கையில் விழுந்தவனுக்கு உதவியாம். கிளைகளையெல்லாம் வாரிச் சாலையோரம் நீளவாரியாக அடுக்கிவிட்டார்கள். ராய்ஸ் செத்த பிர்ச் மரத்தின் அடியில் ரம்பத்தை ஓட விட்டிருந்தான். ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

“நகருய்யா, அது செத்த மரம்!”

“செத்ததாலதான்யா வேணும்!”

ரம்பம் நின்றது. டோரிஸ் என் தோளைத் தொட்டு, “பாவம், உடம்புக்குத்தான்னு நெனச்சோம். தலைக்கே ஏறிடுச்சே” என்றாள்.

“அவருக்கு ஒண்ணுமில்ல டோரிஸ். உன் பீன்ஸ் மேல ஆசை, அவ்வளவுதான்” என்று தெல்மா போட்டு உடைத்தாள். பலகை கிடைக்காவிட்டால் பாதிக் காடு போய்விடும் என்பதையும் சொன்னாள்.

“நாலு வாரம் வக்கணையாத் தின்னியே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா?” என்றாள் டோரிஸ். தின்னத்தான் திறந்தேன் என்று அப்போது சொல்ல முடியுமா? கடைசியில் ராய்ஸ்தான், “சரி சரி, எல்லாத்தையும் திருப்பிப் போடுங்க” என்றான். நம் ஆட்களுக்கு அடுக்கத் தெரியுமே தவிர இறைக்கத் தெரியாது. ஒவ்வொரு கிளையையும் அளவு பார்த்துப் படுக்க வைத்தார்கள். டோரிஸ் ஒருத்திதான் என் மேலுள்ள ஆத்திரத்தில் விட்டெறிந்தாள். பாதி என் காலிலேயே விழுந்தது.

திங்கள் விடியற்காலை பெக்வித் எல்லாவற்றையும் தாண்டிப்போய் டோரிஸ் எறிந்த குவியல் முன்னால் நின்றாள். “இது எவ்வளவு இயல்பா விழுந்திருக்கு!” என்றாள். அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு பூங்குருவி பாடியது, கிளாடெட். ஒரே தொண்டையில் இரண்டு குரல். நான் அழுதுவிட்டேன், ஈ கடித்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

ஆகையால் நீ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. ஜூலையில் மாப்பிள்ளையோடு வந்து காது குளிரக் கேட்டுவிட்டுப் போ. உங்கள் இருவருக்கும் தெய்வம் நீண்ட ஆயுளையும், எனக்குக் கொஞ்சம் வாயடக்கத்தையும் கொடுக்கட்டும்.

உன் அண்ணன்,
லூசியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உன் கடிதம் வந்தது. நான் படுத்த படுக்கை என்று டோரிஸ் போன மாதமே உனக்கு ஃபோன் பண்ணினாளாமே! “காட்டை விக்கல அண்ணா. என் பாதியையும் நீயே வெச்சுக்கோ, உயிரோட இருந்தா போதும்” என்று எழுதி, கையெழுத்துப் போட்ட தாளையும் வைத்திருக்கிறாய். அப்படியானால் பலகையும் வேண்டியிருக்கவில்லை, மரத்தைக் கட்டிப்பிடித்து ஊர் சிரிக்க நின்றிருக்கவும் வேண்டாம். “நீங்க எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டு, பேசாம நோயாளியாவே போய்ப் படுத்துக்கோங்க” என்கிறாள் தெல்மா. அரை மணி நேரம் படுத்தும் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. உன் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பாதிக் காடு உன்னுடையது, பூங்குருவியிலும் பாதி உன்னுடையது. ஒன்றே ஒன்று. பலகை அடித்ததிலிருந்து இந்த வீட்டுக்கு ஒரு பாத்திரம்கூட வரவில்லை. எனக்கு இந்தத் தடவை நிஜமாகவே உடம்பு சரியில்லை என்று டோரிஸிடம் ஃபோனில் கொஞ்சம் விசும்பி வை. புதன்கிழமைக்குள் செய்தால் நல்லது.