மூவாயிரத்து அறுநூறு ரூபாய்ப் பழம்

ஒற்றைப் பட்டர் ஃப்ரூட்டின் விலை இரண்டாயிரத்தைத் தாண்டியபோது வால்டர் பெஞ்சின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எந்தப் பொருளும் கடை விலைக்குப் போவதில்லை. காணிக்கையாக வந்த பூசணிக்காயை ஐந்நூறுக்கு எடுப்பார்கள், சேவலை இரண்டாயிரத்துக்கு எடுப்பார்கள். பணம் ஆலயத்துக்கு, பெயர் ஏலம் எடுத்தவருக்கு. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் பட்டர் ஃப்ரூட்டை இருபது ரூபாய்க்குக்கூட யாரும் கேட்க மாட்டார்களோ என்று பயந்து, வால்டர் தன் மச்சினன் எரிக்கிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார். முந்நூறு வரை ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அதே பயத்தில் அவர் மனைவி லவினா, பாடகர் குழு லூயிசா அக்காவிடமும் அதையே சொல்லி வைத்திருந்தாள். அது வால்டருக்குத் தெரியாது. எரிக்குக்கும் லூயிசாவுக்கும் நினைவில் இருந்ததோ ஒன்றே ஒன்றுதான். போன கிறிஸ்துமஸுக்கு லூயிசா தனியாகப் பாடவேண்டிய அடியை எரிக் பாடிவிட்டான்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு," என்றான் எரிக்.

"மூவாயிரம்." லூயிசா அக்கா அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லூயிசா அக்கா மூவாயிரத்து அறுநூறு என்றதும் எரிக்கின் மனைவி ஷைலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஏலம் விட்டவர் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுத்தார். லூயிசா அக்கா பழத்தைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போனாள்.

வால்டர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் பூதிகோட்டை கங்காதரன் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏலக்காரர் தரம் சொல்லச் சொல்ல அவருடைய உதடுகளும் கூடவே அசைந்துகொண்டிருந்தன. பாவம், மனுஷன் மலைத்துப்போய்விட்டார் என்று வால்டர் நினைத்தார்.

மலைக்கட்டும் என்றுதானே அவரை அழைத்ததே. மூன்று வருடத்துக்கு முன் பூதிகோட்டையில் நாற்பது குடும்பங்களுக்குச் சபையின் பெயரால் பட்டர் ஃப்ரூட் ஒட்டுக்கன்றும் முந்திரிக் கன்றும் கொடுத்தவர் வால்டர்தான். அந்த ஊரில் எல்லோரும் தக்காளி போடுகிறவர்கள். தக்காளி ஒரு வருடம் வீடு கட்டிக் கொடுக்கும், அடுத்த வருடம் அந்த வீட்டையே விழுங்கும். மரம் அப்படி ஏமாற்றாது என்று மேடை போட்டுப் பேசினார். "பழம் வரட்டும், பெங்களூர்ல ஆள் புடிச்சு நான் வித்துத் தரேன்" என்றும் சொன்னார்.

பழம் வந்தது. வால்டர் தினமும் பெங்களூருக்குத்தான் வேலைக்குப் போய் வந்தார். ஆனால் ரயிலில் ஏறினதும் தூங்குவார், இறங்கினதும் ஆபீசுக்கு ஓடுவார். கேட்கும்போதெல்லாம் "பாத்துனு கீறேன்" என்பார். கடைசியில் கங்காதரன் கோடாலிக்குப் புதுப் பிடி போட்டுவிட்டார். இந்த மாதத்தோடு மரங்களை வெட்டிவிட்டு மறுபடி தக்காளி போடப்போவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் வெட்டினால் மீதி முப்பத்தொன்பது வீடும் வெட்டும்.

ஆலய வாசலில் வால்டர் அவர் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா கங்காதரன், பழத்துக்கு இன்னா மரியாதைன்னு?"

"பாத்தேன் சார்," என்றார் கங்காதரன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வால்டர் வீட்டு வாசலில், பூதிகோட்டையில் தக்காளி ஏற்றுகிற உமேஷின் டெம்போ வந்து நின்றது. தக்காளிப் பெட்டிகள் முப்பத்திரண்டு, அத்தனையிலும் பட்டர் ஃப்ரூட். முன் சீட்டிலிருந்து இறங்கிய கங்காதரன் கையில் அந்தக் கோடாலி. ஆசாரியிடம் தீட்டக் கொண்டுபோகிறாராம், வழியில் அப்படியே பழத்தையும் இறக்கிவிட்டுப் போகலாமென்று வந்தாராம்.

"நாப்பது வீட்டுப் பழமும் கீது சார். மூவாயிரத்து அறுநூறு வாணாம். நீங்க நம்ம ஆளு. பாதி குடுத்தா போதும்."

வால்டர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். கண் கோடாலிமேல் போனது. வாயை மூடிக்கொண்டார். அடுத்த ஏலத்துக்குப் பாஸ்டரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

பாஸ்டர் அடுத்த ஏலம் அடுத்த ஜூலையில் என்றார்.

முப்பத்திரண்டு பெட்டிகளும் வீட்டுக்குள் ஏறின. கல்லாக இருந்த பழங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொன்றாகக் குழைய ஆரம்பித்தன. லவினா சப்பாத்தி மாவில் பிசைந்தாள், சட்னி அரைத்தாள், சர்க்கரை போட்டுக் கலக்கினாள். மூன்றாம் நாள் தட்டில் பச்சையாக எதைப் பார்த்தாலும் வால்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னாங்க, உண்மைய சொல்லிடுங்க," என்றாள் லவினா. "அது காணிக்கை ஏலம், விலை இல்லன்னு."

"சொன்னா வெட்டிருவாரு."

"சொல்லலன்னா நாம கூடத்துல தூங்க முடியாது."

எரிக் ஒரு வழி சொன்னான். ஐந்து பெட்டியை ராபர்ட்சன்பேட்டை சந்தைக்கு எடுத்துப்போய், இது தலைமுடிக்கு நல்லது என்று கூவினான். ஒரு மணி நேரத்தில் எல்லாம் விற்றது. அடுத்த நாள் காலையில் ஏழெட்டுப் பெண்கள் வாசலில் நின்றார்கள். பூசியவர்கள் தலையில் எறும்பு. முன்னால் நின்றது லூயிசா அக்கா. ஷோகேஸில் வைத்திருந்த ஏலப் பழத்தையும் அவள் சேர்த்துப் பூசியிருந்தாள். எரிக் பின்பக்கமாகப் போனவன் ராத்திரிதான் வந்தான்.

அதற்குப்பிறகு விற்பது என்ற பேச்சே வேண்டாமென்று வால்டர் முடிவு செய்தார். மிச்சத்தில் பதினைந்து பெட்டியைத் தெருத்தெருவாக, பக்கத்துப் பேட்டையான நந்திதுர்க் வரைக்கும் சும்மா கொடுத்துவிட்டு வந்தார். சில வீடுகளில் வாங்கவே தயங்கினார்கள். "இன்னா சார், எலெக்ஷன்ல நிக்கறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

அன்றைக்கென்று உமேஷ் காலிப் பெட்டி எடுக்க வந்தான். அடுக்கியிருந்த இருபது காலிப் பெட்டியையும் எண்ணிப் பார்த்தான். "அடேங்கப்பா, ஒரே வாரத்துல போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

மறுநாள் இன்னொரு டெம்போ லோடு வந்து இறங்கியது. கூடவே கங்காதரனின் மனைவி வள்ளி கொடுத்தனுப்பிய நாட்டுக்கோழி ஒன்றும். சாருக்கு நன்றிக்கடனாம்.

அந்தக் கோழியைப் பார்த்தபோதுதான் வால்டருக்கு உறைத்தது. ஏமாற்றுகிற எண்ணம் துளியும் இல்லாமல், ஒரு மனிதர் தன்னை நம்பி நாற்பது வீட்டுப் பழத்தைக் கொட்டியிருக்கிறார். தான் செய்ததெல்லாம் ஒளித்து வைத்ததும் ஊருக்குக் கொட்டியதும்தான்.

திங்கட்கிழமை காலை, கையில் இரண்டு பெட்டியோடு கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். அன்றைக்குத் தூங்கவில்லை. பங்காருபேட்டை வருவதற்குள் அந்த ரயில் பெட்டியிலிருந்த எல்லோரிடமும் கேட்டுவிட்டார், பழம் வாங்குகிற ஆள் யாரையாவது தெரியுமா என்று. எல்லோரும் ஆளுக்கொரு பழத்தை எடுத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்கள். யாரோ ஒருவர் தெரியாமல் ஒரு பழத்தின்மேல் உட்கார்ந்தார். அவருக்கு வால்டர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார், டிபன் பையில் இருந்த தண்ணீரையும் கொடுத்தார்.

தினமும் எதிர் சீட்டில் வருகிற அனில் மட்டும் பழத்தைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தார், காம்பைக் கிள்ளினார், மோந்தார்.

"இது எங்கத்து பழம்?"

"பூதிகோட்டை. ஏன், உங்களுக்கு இது தெரியுமா?"

"நான் பெங்களூர்ல நாலு ஓட்டலுக்கு காய், பழம் வாங்கிப் போடறவன் சார். இதுக்காக நான் குடகு வரைக்கும் போறேன். வாரத்துக்கு எத்தனை பெட்டி வரும்?"

வால்டர் அவரையே பார்த்தார். "எத்தனை வருசமா நீங்க இந்த வேலை செய்றீங்க?"

"ஒன்பது வருசமா உங்க எதிர்லதான் உக்காந்துனு வரேன்," என்றார் அனில். "நீங்க எழுந்திருந்தா சொல்லியிருப்பேன்."

அந்த வாரமே இரண்டு லோடிலும் குழையாமல் மிஞ்சிய அத்தனை பழமும் போனது. அடுத்த வாரத்திலிருந்து பூதிகோட்டையிலேயே அனிலின் வண்டி வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. கடை விலைதான். ஆனால் வாராவாரம் வருகிற விலை. கங்காதரன் அந்தப் புதுப் பிடி போட்ட கோடாலியால், கனம் தாங்காமல் தாழ்ந்த கிளைகளுக்கு முட்டுக்கொடுக்கக் கம்பு வெட்டிக்கொண்டிருந்தார். இன்னும் பதினோரு வீட்டுக்காரர்கள் கன்று கேட்கிறார்களாம்.

வால்டரால் பொறுக்க முடியவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பூதிகோட்டைக்குப் போய், மரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஏலம் என்பது காணிக்கை, விலை அல்ல. ஏற்றி விட்டதும் தன் வீட்டு ஆட்கள்தான். அன்றைக்கே சொல்லாதது தன் தப்பு.

கங்காதரன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பிடியா சார்," என்றார் மெதுவாக. "நமக்கு இன்னா தெரியும். விலைன்னே நெனச்சிட்டேன்."

வள்ளி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். ஏமாற்றம் தாங்காமல் அழுகிறாளென்று வால்டருக்கு மனசு கரைந்தது.

கிளம்பும்போது கங்காதரன் கேட்டார். "பங்குனியில முந்திரி வரும் சார். உங்க கோயில்ல அதையும் ஏலம் உடுவாங்களா?"

வால்டரின் கண்முன் டெம்போக்கள் வரிசையாக வந்து நின்றன. "அதெல்லாம் வாணாம். கொட்டைக்கு நானே முன்னாடியே ஆள் புடிச்சுத் தரேன். நாளைக்கு ரயில்லயே ஆரம்பிக்கறேன்."

"சரி சார்," என்றார் கங்காதரன். "நீங்க சொன்னா சரி."

திரும்புகிற வழியில் உமேஷ்தான் டெம்போ ஓட்டினான். வால்டர் முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் பின்னால் போகும் மரங்களைப் பார்த்துக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"நல்ல மனுஷன்பா. ஆனா ரொம்ப வெகுளி. ஏலம்னா இன்னான்னே தெரியல அவருக்கு."

உமேஷ் கியரை மாற்றினான்.

"யாரு, கங்காதரண்ணனுக்கா? எங்க ஊரு முருகர் கோயில் திருவிழாவுல இருபது வருசமா எலுமிச்சம்பழம் ஏலம் கூவுறவரே அவருதானே சார்."