கசட்டுக்குள்ளிருந்து அதட்டியவர்

தான் இல்லாத இடத்திலும் பிள்ளைகளை அதட்டத் தெரிந்தவர் ஊவா மாகாணத்திலேயே டேப் மாஸ்டர் ஒருவர்தான். மற்ற வாத்தியார்கள் பிரம்பை நம்பினார்கள். அவர் பேட்டரியை நம்பினார்.

நான் பதுளை கடைவீதியில், முதலாளி நானாவின் ரேடியோ கடையில் பழுது பார்ப்பவள். வருகிறவர்களை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன்: திட்டுகிறவர்கள், கெஞ்சுகிறவர்கள், தாங்களே திறந்து குடைந்துவிட்டு வருகிறவர்கள். மாஸ்டர் எதிலும் சேரவில்லை. பள்ளிக்கூடத்து டேப் ரெக்கோடரைத் துவாலையில் சுற்றி, மார்போடு அணைத்து, லுணுகலை பஸ்ஸில் கொண்டுவருவார்.

ஒருமுறை பக்கத்து இருக்கை அம்மா பதறிவிட்டாராம்.

"ஐயோ சேர், மூஞ்சிய மூடாதீங்க, புள்ளைக்கு மூச்சு முட்டும்!"

"மூச்சு காலையிலயே நின்னுருச்சுங்க. அதான் பதுளைக்குக் கொண்டு போறேன்."

அந்த அம்மா பஸ் அதிர ஒப்பாரி வைத்தார். துவாலையைப் பிரித்துக் காட்டியதும் அழுகை நின்றது. வசவு பதுளை வரை நிற்கவில்லை.

கடையில் ஒழுங்காக ஓடும் ரெக்கோடர் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது என்று பார்க்க ஒருநாள் நானே அவர் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். காரணம் உடனே தெரிந்தது. அதைக் கரும்பலகைக்கு நேர் கீழே வைத்திருந்தார். உள்ளே முழுக்கச் சோக்குத் தூள்.

ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். அவர் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லும்போது மூன்றாம் வகுப்புக்கு ரெக்கோடர் பாடம் வாசித்தது. அவருடைய குரல்தான். பிள்ளைகள் புத்தகத்தில் விரல் வைத்து அந்தக் குரலோடு நகர்ந்தார்கள். பக்கம் முடிந்தால் கரண்டியால் டம்ளரைத் தட்டும் 'டிங்' சத்தம். எல்லாரும் பக்கம் திருப்பினார்கள்.

"லயத்து வீட்டுல யாருங்க இதுகளுக்கு வாசிச்சுக் காட்டுறது? ஆத்தா அப்பனுக்கு விடிஞ்சா பேர் குடுக்கப் பெரட்டு, அப்புறம் கொழுந்தெடுக்க மலை. அதான் காதுக்கு முதல்ல குடுக்குறேன். காது முன்னால போகும், வெரலு பின்னால போகும், கண்ணு கடைசியா வந்து சேரும்" என்றார்.

அப்போது ரெக்கோடர் சீறியது: "கண்ணுசாமி! வெளிய என்னா பார்வை? புத்தகத்தப் பாரு!"

ஜன்னலோரத்துப் பையன் திடுக்கிட்டுக் குனிந்தான். உண்மையாகவே வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி மாஸ்டர்?"

"அந்த எடத்துல பாடம் சலிப்புத் தட்டும் தங்கச்சி. எனக்கே வெளிய பாக்கத் தோணும்."

பரிசோதிக்க வந்த கல்வி அதிகாரி ஒருவரும் இதில் மாட்டிக்கொண்டார். "யாரது செவத்துல சாஞ்சிக்கிட்டு?" என்று கசட் கேட்டதும், சுவரில் சாய்ந்திருந்த மனிதர் விறைப்பாக நிமிர்ந்தார். போகும் வரை சாயவே இல்லையாம்.

கண்ணுசாமியின் வீட்டுக்கு, அரசாங்க ஒப்பந்தப்படி ஒரேயடியாக இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்திருந்தது. அவனுக்கோ விரல் எப்போதும் குரலுக்கு ஒரு வரி பின்னால்தான். மாஸ்டர் தவித்தார்.

"ஆத்தா அப்பனுக்கு எழுத்து தெரியாது. அங்க எந்த ஸ்டேஷன்ல எறங்குறதுன்னு இவன்தான் போர்டு பாத்துச் சொல்லணும். போறதுக்குள்ள வாசிச்சிறணும் தங்கச்சி."

அந்த நேரம் பார்த்து ரெக்கோடருக்குள் கசட்டைச் சுற்றும் ரப்பர் பெல்ட் அறுந்தது. பதுளையில் அந்த அளவு இல்லை. சைக்கிள் டியூபிலிருந்து ஒன்று வெட்டி மாட்டினேன். ஓடியது, ஆனால் மோட்டார் இழுக்க முடியாமல் திணறி, மெதுவாகத்தான் சுற்றியது.

மறுவாரம் மாஸ்டர் வந்தார். "என்னா தங்கச்சி, என் கொரலு கள்ளுக்கடையிலேருந்து வர்ற மாதிரி இருக்கு! புள்ளைக உருண்டு சிரிக்குதுக."

கல்லாவிலிருந்து நானா சொன்னார்: "நல்லதுதானே மாஸ்டர், இப்பதான் உங்க பேச்சு எனக்கும் வெளங்குது."

நல்ல பெல்ட்டுக்குக் கொழும்புக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் ரெக்கோடரைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாம். இந்த வேகத்துலதான் கண்ணுசாமி வெரலு கொரல எட்டிப் புடிச்சிருக்கு. அவன் போற வரைக்கும் நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்."

அவர்கள் போன நாளில் மாஸ்டரோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். மேடை முழுக்க அழுகை. கோச்சி அசைந்தபோது கண்ணுசாமி ஜன்னலில் தலையை நீட்டி, பெயர்ப்பலகையை நோக்கி விரலை நகர்த்தினான்.

"ப... து... ளை. பதுளை! சேர், பதுளை!"

அவன் தானாக வாசித்த முதல் ஊர், அவன் விட்டுப்போகிற ஊர். மாஸ்டர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசிப் பெட்டியும் மறைந்த பிறகும் ஆட்டினார்.

அதன் பிறகும் கசட் அவனை அதட்டியது. அந்த இடம் வந்ததும் மூன்றாம் வகுப்பு முழுக்க ஜன்னலோரத்தில் அவன் உட்கார்ந்திருந்த வெறும் வாங்கைப் பார்க்குமாம். கொழும்பு பெல்ட்டை மாட்டும்போது, "அந்தப் பேரை அழிச்சிரவா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். அவன யாராச்சும் கேட்டுக்கிட்டே இருக்கணும்ல" என்றார்.

மாஸ்டர் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். புதிதாக வந்த ஆசிரியர், "இதுல உள்ள பேருல ஒரு புள்ளையும் இப்ப இங்க இல்லீங்க" என்று கசட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பழுது பார்த்த ரெக்கோடர்களை இப்போது அதைப் போட்டுத்தான் சோதிக்கிறேன்.

"கண்ணுசாமி! வெளிய என்னா பார்வை?"

கடைவீதியை, லுணுகலை பஸ் வரும் திசையை, பார்த்துக்கொண்டிருக்கும் நான் குனிந்து வேலையைப் பார்க்கிறேன்.

"சரிங்க மாஸ்டர்."