பத்மாவதி சும்மா உட்கார விண்ணப்பித்த வரலாறு

மனிதகுலத்தின் மகத்தான சாதனைகள் எல்லாம் ஏதாவது ஒரு கூட்டத்தில்தான் பிறந்திருக்கின்றன. அணைக்கட்டுகள், சமாதான உடன்படிக்கைகள், ஐந்தாண்டுத் திட்டங்கள். அந்தப் பெருமைமிகு வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது, பெரியநாயக்கன்பாளையம் வரதராஜுலு வீட்டுக் கார் ஷெட்டை அறையாக மாற்றும் திட்டம்.

வரதராஜுலு பம்ப்செட்டுக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். போன ஆவணியில் ஒரு பெரிய கார் வாங்கினார். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஷெட்டுக்குள் விட்டபோதுதான் தெரிந்தது, கார் ஷெட்டைவிட ஒரு சாண் நீளம் என்று. அவரோ பட்டறையில் ஒரு மயிரிழை பிசகினாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவர். அப்படிப்பட்டவர் அளவில் தவற முடியாது. ஆகவே தவறு ஷெட்டினுடையது என்று முடிவாயிற்று. கார் வாசலில் நின்றது. ஷெட் காலியாயிற்று.

மறுநாள் காலை, தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவர் மனைவி பத்மாவதி கேட்டாள்.

"ஏனுங்க, அந்த ஷெட்டு காலியாத்தான கெடக்குது? அதை ஒரு ரூமாட்டம் பண்ணி எனக்குக் குடுத்துப்போடுங்களேன்."

"உனக்கா? எதுக்கு அம்மணி?"

"சும்மா உக்காரத்தானுங்க."

மேசையில் மூன்று வாய்கள் மெல்லுவதை நிறுத்தின. பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகன் சசிதர், காதில் செருகியிருந்ததைக் கழற்றினான். முகப்பொலிவு பற்றி வீடியோ போடும் மகள் ஹரிதா எழுந்து வந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

இத்தனைக்கும் அது சின்ன வீடு அல்ல. மாடியும் கீழுமாக ஐந்து அறைகள். சசிதருக்கு ஒன்று, ஹரிதாவுக்கு ஒன்று, வருடத்துக்கு இரண்டு முறை வரும் விருந்தாளிக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று. ஐந்தாவது தம்பதியினுடையது, அதில் கட்டிலின் ஒரு பாதியில் பத்மாவதியும், மீதி இடம் முழுக்க வரதராஜுலுவின் கோப்புகளும் செய்திச் சேனலும் இருந்தன. இருபத்தாறு வருடத்தில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த ஒரே இடம் குளியலறை. அங்கேயும் "அம்மா, என்ற சார்ஜர் எங்க?" என்ற குரல் கதவிடுக்கு வழியாக வந்துவிடும்.

வரதராஜுலு நியாயஸ்தர். மனைவியின் கோரிக்கையைத் தட்டிக்கழிக்கவில்லை. "முறையா செஞ்சுபோடலாம்" என்று அறிவித்து, ஞாயிறு பத்து மணிக்கு முதல் கூட்டத்தைக் கூட்டினார். திட்டத் தலைவர் அவர். செயலாளர் சசிதர். மக்கள் தொடர்பு ஹரிதா. காபி, பத்மாவதி.

விண்ணப்பப் படிவம் ஒன்று அச்சிடப்பட்டது. அதில் 'உபயோகம்' என்ற கட்டத்துக்கு எதிரே செயலாளரின் பேனா நின்றது.

"அம்மா, தையலா? தியானமா? கேக் பண்ணி விக்கப் போறீங்களா?"

"இல்ல கண்ணு. சும்மா."

"சும்மான்னு எழுத முடியாதும்மா. அது ஒரு கேட்டகிரியே இல்ல."

சும்மா இருக்க வேண்டுமென்று காட்டுக்கும் மலைக்கும் போன ஞானிகள் யாருக்கும் இந்தப் படிவம் தரப்படவில்லை. அதனால்தான் அவர்கள் பாடு சுலபமாக முடிந்தது. நீண்ட விவாதத்துக்குப் பின் 'பல்நோக்குப் பயன்பாடு' என்று நிரப்பப்பட்டது. பத்மாவதிக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. அதன் ஆழம் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் கூட்டத்துக்கு இன்ஜினியர் அருள்குமார் வந்தார். ஷட்டரைப் பிரித்துச் சுவர் எழுப்ப வேண்டும், பெரிய ஜன்னல் வைக்க வேண்டும், கார் கழுவின தண்ணீர் ஓடுவதற்காகத் தரை வாசல் பக்கம் வாட்டமாக இருப்பதால் அதைச் சமப்படுத்த வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கணினியைத் திறந்து வரப்போகும் அறையின் படத்தைக் காட்டினார். வெள்ளைச் சுவர். ஜன்னலுக்கு வெளியே, பெரியநாயக்கன்பாளையத்தில் யாரும் பார்த்திராத ஓர் ஏரி. ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெண், மடியில் கை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்மாவதி காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"இதாங்க! இந்தப் புள்ள பண்ணுதே, அதேதானுங்க எனக்கு வேணும்."

அருள்குமார் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "அது டிசைனுக்கு வெச்சதுங்கம்மா. கட்டி முடிச்சு சாவி குடுக்கறப்ப அந்தப் புள்ள இருக்காதுங்க."

"புள்ள வேண்டாங்க. நாற்காலி இருக்குமல்லங்க?"

"அதுவும் டிசைனுக்குத்தானுங்க."

மூன்றாம் கூட்டம் 'இட ஒதுக்கீடு' பற்றியது. பத்துக்குப் பதினைந்து அடி. சசிதருக்கு, வெளிச்சத்தம் கேட்காத ஒரு மூலை உயிர்த்தேவை. ஹரிதாவுக்கு விளக்கு, கேமரா, பின்னணிச் சுவர். தலைவருக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார்; நடப்பதற்கு ஊரில் சாலை இருந்தாலும், நின்ற இடத்திலேயே ஓடும் டிரெட்மில் இயந்திரம்தான் நாகரிகம் என்று தீர்மானமாயிற்று. எல்லாம் ஏகமனதாக நிறைவேறியது. பத்மாவதி உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்ததால், எதிர்ப்பு இல்லை என்று பதிவானது.

"அப்ப எனக்குங்க?" என்றாள் வெளியே வந்து.

வரதராஜுலு வரைபடத்தைப் பெருந்தன்மையோடு அவள் பக்கம் திருப்பினார். தென்மேற்கு மூலையில் மூன்றுக்கு மூன்று அடிக் கட்டம் ஒன்று இருந்தது.

"இது முழுக்க உன்றது அம்மணி. யாரும் கேக்க மாட்டாங்க."

"இதுக்குள்ள என்னமோ வரைஞ்சிருக்குதுங்களே?"

"இன்வெர்ட்டர் பேட்டரி. அது அதும்பாட்டுக்கு இருக்கும். பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம்."

பத்மாவதி சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். குக்கர் எத்தனை விசில் அடித்ததென்று அன்று அவள் எண்ணவில்லை. பருப்பு குழைந்து கூழானது. வரப்போகும் தன் அறைக்கென்று வாங்கிவைத்திருந்த சென்னிமலைப் பெட்ஷீட்டை எடுத்து ஹரிதாவிடம் கொடுத்தாள். "உன்ற வீடியோவுக்குப் பின்னால கட்டிக்கோ கண்ணு." அது கேமராவில் அழகாக இருந்தது என்று மகள் மனம்நிறைந்து பாராட்டினாள்.

இரண்டு மாதத்தில் வேலை முடிந்தது. ஐயர் வந்தார், பால் பொங்கியது, தலைவர் ரிப்பன் வெட்டினார். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் குடியேற்றம் நடந்தது. சசிதர் தன் மேசையோடும், ஹரிதா தன் விளக்குகளோடும் போனார்கள். வரதராஜுலு பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, அரைக்கால் சட்டையோடு இயந்திரத்தில் ஏறினார். புது ஏசி இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பத்மாவதி தட்டுகளைக் கழுவி முடித்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். யாரும் இல்லை. மாடிக்குப் போனாள், பிள்ளைகளின் இரண்டு அறைகளும் திறந்து கிடந்தன. செய்திச் சேனல் அணைந்திருந்தது. ஃப்ரிட்ஜ் இப்படி மெல்ல முனகும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கீழே இறங்கி வந்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். வாசல் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் கை வைத்து உட்கார்ந்தாள். வெளியே ஏரி இல்லை; எதிர்வீட்டு முருங்கை இருந்தது. அதில் ஒரு அணில். போதுமானதாக இருந்தது.

ஆக, அந்த வீட்டில் பத்மாவதிக்கு ஓர் அறை இல்லாமல் போனதற்குச் சதுர அடி காரணமல்ல என்ற உண்மை, மூன்று கூட்டங்கள், ஒரு இன்ஜினியர், இரண்டு மாதக் கட்டுமானம் ஆகியவற்றின் மூலம் ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்டது.

பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"பத்மா! பத்மா! கதவு ஏன் சாத்தியிருக்குது? மூணு காபி வேணும்."

"சித்த நேரம் ஆகுமுங்க."

"உள்ள என்ன பண்ணீட்டிருக்கற?"

"சும்மா உக்காந்திருக்கறனுங்க."

செருப்புக் காலடி ஷெட்டை நோக்கி வேகமாகப் போவது கேட்டது. பத்மாவதி நாற்காலியை விட்டு எழவில்லை.

புது அறையில் உடனடியாக அவசரக் கூட்டம் கூடியது. செயலாளர் எழுதிய குறிப்பு பின்வருமாறு:

'நம் வீடு ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது. ஆக்கிரமித்தவர் திருமதி பத்மாவதி. விசாரித்ததில், இவர் இருபத்தாறு ஆண்டுகளாக அங்கேயேதான் இருந்து வந்திருக்கிறார் என்றும், இன்றுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை என்றும் தெரிய வருகிறது.'