பல்லும் புல்லும்

காக்ஸ் டவுன், பெங்களூர்
8 அக்டோபர் 1959

அன்புள்ள யூனிஸ் அக்காவுக்கு,

தம்பி தியோடர் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் தேவகிருபையால் சுகம். நீயும் அத்தானும் உன் மாமியாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. கீழே படி.

அடுத்த சனிக்கிழமை வந்து அம்மாவை மதராசுக்கே கூட்டிப் போய்விடவா என்று போன வாரம் கேட்டிருந்தாய். வழக்கம்போல் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நானும் தயங்கிக்கொண்டிருந்தேன். இப்போது தயக்கமில்லை. வா. கூட்டிப் போ.

நம் சபைக் கோயிலுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிய காலி மனையை எட்டுக் குடும்பங்களுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்தார்களே, அதில் நமக்கு மூன்றாவது பாத்தி. புத்தகத்தைப் பார்த்து முட்டைக்கோஸ் நட்டேன். ஒரே ஒரு தண்டு வந்தது. அதுவும் ஏதோ யோசனையில் இருந்தது. அம்மா அதைப் பிடுங்கிவிட்டுப் பரங்கி விதை போட்டாள். கொடி இரண்டு பாத்திகளைத் தாண்டிப் போய், கமிட்டிச் செயலாளர் ஓஸ்வால்டின் தக்காளிக்கு நடுவில் காய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வேர் எங்கள் மண்ணில், காய் அவர் மண்ணில். அப்படியானால் அது யாருடையது? இரண்டு நாள் யோசித்தேன். அம்மா போய்க் காய்க்கு அடியில் வைக்கோல் வைத்துவிட்டு வந்தாள்.

இனி முனியப்பா. எட்டுப் பாத்திக்கும் களையெடுத்துத் தண்ணீர் விடுகிறவன். கன்னடம்தான் பேசுவான். ராணிப்பேட்டையிலிருந்து வந்த புதிதில் அம்மாவுக்குக் கன்னடம் ஒரு சொல் தெரியாது. ஒரே சாயங்காலத்தில் சொல்லிக் கொடுத்தேன். நம் ப அவர்களுக்கு ஹ. பால், ஹாலு. பூ, ஹூவு. புலி, ஹுலி. பல்கலைக்கழகத்தில் நான் படித்ததில் வீட்டுக்குப் பயன்பட்டது இது ஒன்றுதான். அன்றிலிருந்து சிவாஜிநகர் மார்க்கெட்டில் அம்மா ஒரு தடவை கூடத் தவறாகக் கேட்டதில்லை. இது என் பெருமையாக இருந்தது, திங்கட்கிழமை வரை.

திங்கட்கிழமை அம்மாவின் பல்செட்டைக் காணோம். தலையணை, அரிசிப் பானை, பைபிளுக்கு அடியில், எங்கும் இல்லை. தோட்டத்தில் விழுந்திருக்குமோ, முனியப்பாவைக் கேள் என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். செவ்வாய் காலை வாசற்படியில் ஒரு கட்டுப் புல். புதன் இன்னொரு கட்டு. அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். புல்லைப் பற்றிக் கேட்டால், ஊர் வழக்கமாயிருக்கும் என்றாள். இன்று காலை முனியப்பாவே மூன்றாவது கட்டோடு வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஹசு எல்லி சார்?" என்றான். பசு எங்கே என்று.

எந்தப் பசு என்றேன். அம்மாதான் ஹுல்லு வேண்டும் என்று கேட்டார்களாம்.

உதட்டை இழுத்து என் பல்லைக் காட்டினேன். "ஹல்லா!" என்று அப்படியே திகைத்து நின்றுவிட்டான். பரங்கி வேரைக் கிளறும்போது ஒரு முழுப் பல்வரிசை அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கல்லறை. யாரோ மெல்ல இந்தப் பக்கம் வருகிறார்கள் என்று நினைத்து, திரும்பப் புதைத்து, மேலே எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டிருக்கிறான். கோயில் நிலத்தில் பூஜை செய்தது யார் என்று விசாரிக்க ஓஸ்வால்ட் ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூட்டியிருக்கிறார்.

பல்லைத் தோண்டி, வெந்நீரில் கழுவி, டம்ளரில் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் மனம் ஆறவில்லை அக்கா. வாயிலிருந்து பல் விழுந்தது தெரியவில்லை. ஆறு மாதம் தப்பாத சொல் தப்பிவிட்டது. இதெல்லாம் எதன் ஆரம்பம் என்று தெரியவில்லை. நான் மாலை ஐந்து மணிவரை கல்லூரியில். அங்கே உன் மாமியார் பேச்சுத் துணைக்கு இருக்கிறார்கள். மூன்றாவது மாடியாதலால் மண் தொல்லையும் இல்லை.

அத்தானுக்கு அன்பு, மாமியாருக்கு வணக்கம். உங்கள் போக்கையும் வரத்தையும், முக்கியமாக இந்த வரத்தை, கர்த்தர் காப்பாராக.

உன் தம்பி
தியோடர்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பசு வந்த இடத்தில் சிரித்தாள்.

"பல்லுன்னா ஹல்லு, புல்லுன்னா ஹுல்லு. நீ சொல்லிக் குடுத்ததுதானேடா? ஹல்லுன்னு கேட்டிருந்தா அவன் எடுத்துக் குடுத்துடுவானே."

ஏம்மா என்றேன்.

"பொக்கை வாயோட என்னைச் சம்பந்தியம்மா முன்னாடி உன் அக்கா நிறுத்துவாளா? மாடியில எனக்கு என்னடா வேலை? அறுப்பின் பண்டிகைக்கு அந்தப் பரங்கிக்காயை யாரு கொண்டுபோய் வைப்பா, உங்க ஓஸ்வால்டா?"

டம்ளரைப் போய்ப் பார்த்தேன். காலி. தோட்டத்துக்குப் போனால், பரங்கி வேரில் மண் புதிதாகக் கிளறி ஈரமாக இருக்கிறது. முனியப்பாவிடம் நான் சொல்லப்போவதில்லை.

வேறு இன்லண்டு லெட்டர் கைவசம் இல்லை. ஆகவே மேலே இருப்பதைப் படிக்காததாகப் பாவித்துக்கொள். சனிக்கிழமை வராதே. பண்டிகைக்கு வா. காய் கனம், தூக்க இரண்டு ஆள் வேண்டும்.